கன்ட்ரோலர் திணறியதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்

தண்டையார்பேட்டை வீட்டில், மாதச் சந்தா கட்டி மொபைல் கேம்களை டிவியில் ஆடும் பெட்டி ஒன்று வாங்கினோம். கார் ரேஸில் வளைவு வந்தால் கன்ட்ரோலர் பிந்தும், சில நேரம் இணைப்பே அறுந்துவிடும். அதே கன்ட்ரோலர் போனில் ஒழுங்காக வேலை செய்தது. பேட்டரி மாற்றினேன், ரீசெட் செய்தேன், டிவியில் கேம் மோடும் போட்டேன். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு வைஃபை, அதுதான் என்று பெட்டியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியும் பலனில்லை. நாலு நாள் வீண்.

தம்பி ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போன ராத்திரி மட்டும் சிக்கலே இல்லை! பெட்டிக்குப் பின்னால் நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் இருந்த டிஸ்க் அது. யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளப்பும், கன்ட்ரோலரைப் பெட்டியோடு இணைக்கும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான். டிஸ்கைக் கறுப்பு 2.0 துளைக்கு மாற்றி, இரண்டு முழம் தள்ளி வைத்தேன். வேகம் குறைவுதான், படம் பார்க்க அது போதும். அப்புறம் ஒருமுறைகூட அறுபடவில்லை.