அரை இஞ்ச் ப்ளஞ்ச் ரவுட்டர்: வாட்டைப் பார்க்கும் முன் காலெட்டைப் பாருங்கள்

ரவுட்டர் என்பது பிட் எனும் வெட்டும் அலகைச் சுழற்றி மரத்தில் காடியும் (நீளப் பள்ளம்) துளையும் எடுக்கும் இயந்திரம்; பிட்டை மேலிருந்து மரத்துக்குள் அழுத்தி இறக்க முடிந்தால் அது ப்ளஞ்ச் ரவுட்டர். மரவேலைக்கு அது வேண்டும் என்று கடையில் கேட்டால் முதலில் காதில் விழுவது வாட் கணக்குதான். 1,600, 1,850, 2,100 என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் அதையே. உண்மையில் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. அரை இஞ்ச் இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் காசு பிட்டின் தண்டுக்காகவும், அதை இறுகப் பிடிக்கும் வளையமான காலெட்டுக்காகவும்தான். கால் இஞ்ச் தண்டைவிட அரை இஞ்ச் தண்டின் விட்டம் இரண்டு மடங்குதான், ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்; அதாவது 16 மடங்கு. நீளமான பிட்டைப் போட்டு ஆழமான துளை எடுக்கும்போது சுவர் சாயாமல் நிற்பதும், பெரிய பிட் அதிராமல் ஓடுவதும் இந்த விறைப்பால்தான்.

பலகை ஓரத்தை லேசாக உருட்டுவதும் ஃபார்மிக்கா விளிம்பை வெட்டுவதும் மட்டுமே வேலை என்றால் இது வேண்டாம். ஒரு கையில் பிடிக்கும் டிரிம்மர் போதும். கதவுச் சட்டம், அலமாரி, சாமி மேடை, மெர்பாவ் மரப் படிக்கட்டு என்று போகிறவர்களுக்குத்தான் இந்த ஆறு கிலோ இயந்திரம்.

12 மி.மீட்டரா, 12.7 மி.மீட்டரா?

மலேசியக் கடைகளில் இரண்டு அளவும் கலந்தே கிடக்கும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. ஜப்பானிய உள்ளூர்ச் சந்தைக்கான இயந்திரங்கள் 12 மி.மீ. காலெட்டோடு வரும். அரை இஞ்ச் பிட் 12 மி.மீ. காலெட்டில் நுழையாது, அதனால் ஆபத்தும் இல்லை. தலைகீழாக நடந்தால்தான் தொல்லை: 12 மி.மீ. தண்டு அரை இஞ்ச் காலெட்டில் சுலபமாக நுழையும், நட்டும் இறுகியது போலவே தெரியும், வெட்டும்போது நழுவி இறங்கும். பிட் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வெர்னியரால் தண்டை அளந்து பாருங்கள். 6 மி.மீ. தண்டுக்கும் 6.35 மி.மீ. தண்டுக்கும் இதே கதைதான். ஒரே அளவைத் தேர்ந்தெடுத்து, வாங்கும் பிட்டையெல்லாம் அந்த அளவிலேயே வாங்குவது நல்லது.

பினாங்கு லோரோங் கூலிட் போன்ற பழைய பொருள் சந்தைகளில் ஜப்பானிய ரவுட்டர் கண்ணில் பட்டால் முதலில் பெயர்த்தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் 120 வோல்ட் இயந்திரத்திலும் அதே சிக்கல். விலை மலிவு என்று வாங்கி, டிரான்ஸ்ஃபார்மருக்குத் தனியாகச் செலவழிப்பதில் லாபமில்லை.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை

கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் வாங்கினாலும், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள சின்னக் கடையில் வாங்கினாலும், இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து அழுத்தி இறக்குங்கள். எந்த இடத்திலும் தடங்கக் கூடாது. பிறகு ஒரே கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் தயங்கும், அது இயல்பு. பாதியில் முற்றிலும் சிக்கி நின்றால், இயந்திரம் ஏறி இறங்கும் தூண்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இல்லை. அடுத்து, பாதி ஆழத்தில் பூட்டிவிட்டு, காலெட் நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் உணரமுடிந்தால் வேண்டாம். அந்த ஆட்டம் அப்படியே காடியின் சுவரில் அலையாக விழும்.

வேகக் கட்டுப்பாடும் மெதுவாகத் தொடங்கும் வசதியும் கட்டாயம் இருக்கட்டும். மகிதா ஆர்பி2301எஃப்சி 2,100 வாட், நிமிடத்துக்கு 9,000 முதல் 22,000 சுற்று, 70 மி.மீ. இறக்கம். போஷ் ஜிஓஎஃப் 1600 சிஇ 1,600 வாட், 10,000 முதல் 25,000 சுற்று, 76 மி.மீ. இறக்கம். இரண்டில் எது கைக்கு அமைகிறதோ அதை வாங்கலாம். 500 வாட் வித்தியாசம் வீட்டு வேலையில் தெரியாது. மகிதா 3612 போன்ற பழைய ஒற்றை வேக இயந்திரங்கள் உழைப்பாளிகள்தான், ஆனால் பெரிய பிட்டுக்கு ஆகாது. அதே உருவத்தில் வரும் மலிவுப் பிரதிகளில் மோட்டாரைவிட காலெட்டுதான் சந்தேகத்துக்குரியது.

2,100 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்குக்கு அது பாரமில்லை. நீட்டு வயர் போட்டால் சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை உள்ளதாக, 1.5 சதுர மி.மீ. கம்பியாகப் பாருங்கள். சுருளை முழுக்க அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுருட்டிய நிலையில் அது சூடேறும்.

பிட் பொருத்துவது

சுவரில் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைக் கையால் பிடுங்கி, கண்ணெதிரே போட்டுவிட்டுத்தான் பிட்டைத் தொட வேண்டும். தண்டை அடிவரை தள்ளி, பிறகு 2–3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டி நின்றால், நட்டு இறுகும்போது காலெட் கீழே இறங்க இடமிருக்காது, பிடி தளரும். குறைந்தது 20 மி.மீ. தண்டாவது காலெட்டுக்குள் இருக்க வேண்டும். தண்டும் வெட்டும் பகுதியும் சேரும் வளைவில் காலெட் பிடிக்கக் கூடாது. பிட் இல்லாமல் நட்டை இறுக்கவே வேண்டாம், காலெட் நசுங்கிவிடும்.

கழற்றும்போது நட்டு முதலில் தளர்ந்து, அரைச் சுற்றுக்குப் பிறகு மறுபடி இறுகும். சிக்கிக்கொண்டது என்று பலர் பிட்டைச் சுத்தியலால் தட்டுவது இந்த இடத்தில்தான். அந்த இரண்டாவது இறுக்கம் காலெட்டை வெளியே இழுப்பதற்காகவே இருக்கிறது. ஸ்பேனரை இன்னும் ஒருமுறை திருப்பினால் பிட் தானே விடுபடும்.

வேகத்தைப் பிட்டின் விட்டம் தீர்மானிக்கிறது. 12 மி.மீ. பிட் 22,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் செல்லும். 50 மி.மீ. பிட்டை அதே சுற்றில் ஓட்டினால் 58 மீட்டர்! ஆகவே 25 மி.மீ. வரை முழு வேகம், 50 மி.மீ. வரை 16,000, அதற்கு மேல் 12,000 அல்லது அதற்கும் கீழே. பிட்டின் தண்டிலேயே உச்ச வேகம் பொறித்திருந்தால் அதுதான் சட்டம்.

எந்தப் பக்கம் தள்ளுவது

ரவுட்டரில் நடக்கும் விபத்துகளில் பலவற்றை இந்த ஒரு விஷயம் தடுக்கும். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. பலகை உங்களுக்கு எதிரே இருக்க, உங்கள் பக்கத்து ஓரத்தை வெட்டுகிறீர்கள் என்றால் ரவுட்டரை இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றி வரும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. சட்டத்தின் உள்பக்கமென்றால் கடிகாரத் திசை. இப்படித் தள்ளினால் மரம் எதிர்க்கும், இயந்திரம் கைக்கு அடங்கியிருக்கும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பிடித்துக்கொண்டு ரவுட்டரையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

பலகையின் நடுவில் காடி எடுக்கும்போது இரண்டு பக்கமும் மரம் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். உங்களிடமிருந்து முன்னோக்கித் தள்ளினால் ரவுட்டர் இடப்பக்கம் நகரப் பார்க்கும். ஆகவே கிளாம்ப் போட்டு வைக்கும் வழிகாட்டிச் சட்டம் ரவுட்டருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். ரவுட்டரோடு வரும் கம்பி வழிகாட்டியைப் பயன்படுத்தினால் அது வலப்பக்கம், பலகையின் ஓரத்தை அணைத்தபடி. இரண்டிலும் கணக்கு ஒன்றே: நகரப் பார்க்கும் விசை வழிகாட்டியை மரத்தோடு ஒட்டவைக்க வேண்டும், பிரிக்கக் கூடாது.

நான்கு ஓரமும் உருட்டுவதானால் முதலில் குறுக்கு ஓரங்கள், பிறகு நீள ஓரங்கள். குறுக்கு ஓரத்தின் முடிவில் பிய்வது இயல்பு; அந்தப் பிய்ந்த முனையை நீள ஓரத்து வெட்டு எடுத்துவிடும்.

சாமி மேடைத் தட்டுக்கு ஒரு காடி

பக்கப் பலகையும் நடுத்தட்டும் 18 மி.மீ. பிளைவுட், காடி ஆழம் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 18 என்று விற்கும் பிளைவுட் பெரும்பாலும் 18 இருக்காது. வெர்னியரில் 17.4 வந்தால், 18 மி.மீ. பிட்டில் எடுத்த காடியில் தட்டு லொடலொடவென்று ஆடும். 12 மி.மீ. பிட்டைப் போட்டு இரண்டு ஓட்டமாக எடுப்பதே சரி. 17.4-இல் 12 போனால் 5.4. இந்தத் தடிமனில் ஒரு இடைத்துண்டு வேண்டும், 3 மி.மீ. பிளைவுட் சீவலும் ஃபார்மிக்கா வெட்டுத்துண்டுகளும் சேர்த்து அடுக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும், மீதியைக் காகிதம் மடித்துச் சரிக்கட்டலாம்.

ஆழம் வைக்க, பலகைமேல் ரவுட்டரை நிறுத்திப் பிட் நுனி மரத்தைத் தொடும்வரை இறக்கிப் பூட்டுங்கள். ஆழக் கம்பிக்கும் அடியிலுள்ள சுழல் தடுப்பின் மிகத் தாழ்ந்த படிக்கும் நடுவே 6 மி.மீ. துரப்பண பிட்டின் தண்டை வைத்துக் கம்பியை இறுக்குங்கள். அந்தத் தண்டை எடுத்துவிட்டால் 6 மி.மீ. ஆழம் அமைந்துவிட்டது, அளவுகோலே வேண்டாம். அடுத்த படியை 3 மி.மீ. உயரமாகத் திருகி வையுங்கள். முதல் ஓட்டம் அதில்.

காடியின் இரண்டு விளிம்புக் கோட்டையும் கத்தியால் ஆழக் கீறுங்கள். பிளைவுட்டின் மேல்தோல் குறுக்கே பிய்வதை இது தடுக்கும். காடி வெளியேறும் முனையில் ஒரு கழிவுத் துண்டைக் கிளாம்ப் போட்டு ஒட்டி வையுங்கள். இப்போது வழிகாட்டி இடப்பக்கம். முதல் ஓட்டம் வழிகாட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இடைத்துண்டோடு, 3, பிறகு 6. அடுத்து இடைத்துண்டை எடுத்துவிட்டு அதே இரண்டு ஆழமும். வரிசை முக்கியம். இடைத்துண்டை எடுத்த பிறகு பிட் இடது சுவரை மட்டும் சீவும். மரம் எதிர்க்கும், ரவுட்டர் வழிகாட்டியை ஒட்டியே போகும். துண்டில்லாமல் தொடங்கிப் பிறகு துண்டை வைத்தால் வலது சுவர் வெட்டப்படும், ரவுட்டர் இழுத்துக்கொண்டு ஓடி வழிகாட்டியை விட்டு விலகும். காடி ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் சரியாகவும் வருவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

அடித்தட்டு வட்டமாக இருந்தால் ஒரு புள்ளியில் மார்க்கர் போட்டு, எப்போதும் அந்தப் புள்ளியே வழிகாட்டியைத் தொடட்டும். பிட் வட்டத்தின் மிகச்சரியான நடுவில் இருப்பது அபூர்வம். ரவுட்டர் கொஞ்சம் திரும்பினாலும் காடி நெளியும். தட்டை உள்ளங்கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்டால் அது அதிக இறுக்கம், வெள்ளைப் பசையின் ஈரம் பட்டதும் பாதியில் நின்றுவிடும்.

மரத்துக்கு மரம்

ரப்பர் மரத்தில் 12 மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டத்தில் 5–6 மி.மீ. எடுக்கலாம். செங்கால், பாலாவ், கெம்பாஸ் போன்ற கடின மரம் என்றால் 3 மி.மீ.; கெம்பாஸின் இழை திசை மாறி மாறிப் பின்னியிருப்பதால் கடைசி ஓட்டத்துக்கு அரை மி.மீ. மட்டும் மிச்சம் வையுங்கள். வெள்ளை மெராந்தியில் சிலிக்கா இருப்பதால் கார்பைடு பிட்டும் சீக்கிரம் மழுங்கும். இரும்பு பிட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கழுந்துத் துளை (இன்னொரு சட்டத்தின் முனை நுழையும் குழி) எடுக்க, மேலே சீவல் தள்ளும் திருகுப் பிட் நல்லது. அடியில் வெட்டு முனை இல்லாத நேர் பிட்டைச் செங்குத்தாக அழுத்தினால் துளை கருகத்தான் செய்யும். முதலில் இரண்டு முனையிலும் முழு ஆழத்துக்கு இறக்கித் துளையிட்டு, நடுவில் உள்ளதை 3 மி.மீ. 3 மி.மீட்டராக எடுங்கள். குறுகிய சட்டத்தின்மேல் ரவுட்டர் சாயாமலிருக்க அதே உயரத்தில் இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் கிளாம்ப் போடுங்கள்.

கோளாறு தெரியும் விதம்

மரம் கருகினால் முதல் சந்தேகம் கைவேகம், அடுத்தது மழுங்கிய பிட், அப்புறம்தான் சுற்று. மூலையில் ஒரு கணம் நின்றாலும் கறுத்துவிடும். காடி போகப்போக ஆழமாகிறதென்றால் பிட் நழுவுகிறது; கழற்றிப் பார்த்தால் தண்டில் கறுப்பு வளையம் இருக்கும். காலெட்டின் உள்ளே பித்தளைத் தூரிகையால் துடைத்து உலரவிடுங்கள், எண்ணெய் போடக் கூடாது. சுத்தம் செய்தும் வளையம் விழுந்தால் காலெட்டை மாற்றுங்கள். அது தேய்மானப் பொருள்தான்.

இறக்கும்போது தடங்கினால் தூண்களில் தூளும் ஈரமும் ஒட்டியிருக்கும். நம் ஊர்க் காற்றில் இது சீக்கிரமே வரும். உலர்ந்த துணியால் துடைத்து, உலர் மசகு ஸ்ப்ரே அடித்தால் சரியாகும்; சாதாரண எண்ணெய் தூளைப் பசையாக்கிவிடும். பேரிங் உள்ள பிட்டுகளை விரலால் சுழற்றிப் பாருங்கள். சிக்கினால் அன்று அதைப் பயன்படுத்த வேண்டாம், பேரிங் தனியாகக் கிடைக்கும். பிட்டுகளை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வேலை முடிந்ததும் பிட்டைக் காலெட்டிலேயே விட்டுவைத்தால் துரு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்.

காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி மூன்றும் வேண்டும். கையுறை மட்டும் வேண்டாம், சுற்றும் பிட் அதை இழுத்துவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகம் அனுமதிக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இந்த இயந்திரத்தின் சத்தம் இரண்டு மாடி தாண்டும்.