கோணல் நாற்றைப் பிடுங்கும் முன்

நாற்றுத் தட்டில் ஒன்றிரண்டு கோணலாக முளைத்தால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். முதலில் நடுக் குருத்தைப் பாருங்கள். முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு விதையிலைகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்காவது பச்சைத் துளிர் தெரிந்தால் அது பிழைக்கும். விதையிலை கிழிந்திருந்தாலும் சுருண்டிருந்தாலும் கவலையில்லை. எப்படியும் அது உதிரப்போகிற இலைதான். தக்காளி, மிளகாயில் சில சமயம் மூன்று விதையிலைகள் வரும். நான் அவற்றை ஆசையாகவே வளர்ப்பேன். மற்றச் செடிகளைப் போலவே காய்க்கின்றன.

விதைத்தோல் தொப்பி போல மாட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், குருத்தும் கூடவே வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஊறிய பின் விரலால் மெல்லத் தள்ளினால் கழன்றுவிடும்.

குருத்தே இல்லாத நாற்றுக்கு ஒரு வாரம் தரலாம், அதற்கு மேல் வேண்டாம். முழுக்க வெளுத்து முளைத்ததில் பச்சையமே இல்லை. விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் அது மடிந்துவிடும். தண்டின் அடி நூலாக மெலிந்து கறுத்துச் சாய்ந்தால் அது அழுகல் நோய். அதை மட்டும் இரக்கமில்லாமல் மண்ணோடு அள்ளி எறியுங்கள், பக்கத்து நாற்றுகளுக்கும் பரவும்.

பிறகு வரும் இலைகள் மஞ்சள் திட்டுகளோடு சுருங்கினால் வைரஸாக இருக்கலாம். அப்போதும் அகற்றிவிடுவதே நல்லது.