பேரிக்காய்க்குத் துணை மரம் தேடுபவர்களுக்கு

என் மாமனார் வீட்டு நிலம் கொடைக்கானல் பக்கம். நான் குடியிருப்பது வியாசர்பாடி. எங்கள் தெருக்காரர் ஒருவர் ஓய்வுபெற்ற பணத்தில் கொடைக்கானல் பக்கம் அரை ஏக்கர் வாங்கிவிட்டு, "பேரிக்காய் நடப்போகிறேன் அண்ணே, ஒரே ரகம் போதும் அல்லவா?" என்றார். போதாது. மகரந்தம் தர வேறு ரகப் பேரி மரமும் துணைக்கு வேண்டும்.

நர்சரியில் விற்பவை ஒட்டுக்கன்றுகள், அதாவது அந்த ரக மரத்தின் கிளையை ஒட்டி வளர்த்த நகல்கள். ஒரே ரகத்தில் நூறு நட்டாலும் மகரந்தக் கணக்கில் அவை ஒரு மரம்தான். பேரி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. மகரந்தத்திலிருந்து விதைக்கு இறங்கும் குழாய், பூவின் சூல்தண்டிலேயே (சூலகத்தின் மேல் நிற்கும் தண்டு) நின்றுபோகும். கீஃபர் என்ற ரகம் ஓரளவு தனியாகக் காய்க்கும் என்பார்கள். துணை இருந்தால் அதுவும் கூடுதலாகவே காய்க்கும். நம்பாதவர்கள் பெரம்பூர் மார்க்கெட்டில் ஒரு பக்கம் சூம்பிய காயாகப் பார்த்து வாங்கிக் குறுக்கே வெட்டுங்கள். ஐந்து அறைகள், அறைக்கு 2 விதைகள் வரை இருக்கலாம். சூம்பிய பக்கத்தில் பெரும்பாலும் விதை இருக்காது; மகரந்தம் சரியாகச் சேராததன் அடையாளம் அது.

துணை ரகத்தைப் பூக்கும் நாள் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆசிய ரகங்கள் பொதுவாக ஐரோப்பிய ரகங்களுக்கு முந்திப் பூத்துவிடும். குளிர் போதாத இடத்தில் பூ விட்டுவிட்டு வரும் என்பதால் புத்தகத்து அட்டவணையை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பக்கத்துத் தோட்டங்களில் எது எப்போது பூக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரியுங்கள். நாள் ஒத்துப்போனாலும் சில ஜோடிகள் சேராது: வில்லியம்ஸ், செக்கல் என்ற ரகங்கள் அப்படி. மேக்னெஸ் ரகத்தின் மகரந்தம் எதற்கும் உதவாது. ஆப்பிள் மரமும் துணையாகாது.

ஒவ்வொரு மூன்றாவது வரிசையிலும் மூன்றாவது மரம் துணை ரகமாக இருக்கட்டும், ஒன்பதுக்கு ஒன்று.

தேனீதான் பெரிய தலைவலி. பேரிப் பூவின் தேனில் இனிப்பு குறைவு. அருகே கடுகு பூத்திருந்தால் தேனீ அங்கே போய்விடும். ஆகவே பத்தில் ஒரு பங்கு பூ விரிந்த பிறகே தேனீப் பெட்டியை வையுங்கள். முன்னதாக வைத்தால் வேறு பூவுக்குப் பழகிவிடும். பூ உதிரும்வரை பூச்சிமருந்து தெளிக்க யாரையும் விடாதீர்கள்.

ஏற்கெனவே ஒரே ரகமாக நட்டுவிட்டவர்கள் மரத்தை வெட்ட வேண்டாம். சில மரங்களில் ஒரு கிளைக்கு வேறு ரகத்தை ஒட்டுக்கட்டுங்கள். அது பூக்கும்வரை, துணை ரகத்தின் பூங்கொத்துகளை வாளித் தண்ணீரில் போட்டு மரத்தடியில் வைக்கலாம். ஒட்டுக்கட்டிய கிளையில் பெயின்ட் அடித்து வையுங்கள்; கவாத்து செய்ய வருபவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.