பால்கனியில் மூன்று பெயின்ட் வாளி: நாற்றமில்லாமல் வீட்டுக் கழிவை உரமாக்க

முதல் முறை நான் கம்போஸ்ட் போட்டபோது, இரண்டாம் மாடிக்காரர்கள் மூன்று நாளாக "எங்கேயோ எலி செத்துக் கிடக்கு" என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எலி சாகவில்லை. எங்கள் பால்கனி வாளிதான். கடைசியில் ராத்திரி பதினோரு மணிக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைக் கீழே தூக்கிப்போனேன்.

இப்போது அதே பால்கனியில் மூன்று வாளிகள் நிற்கின்றன. பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறோம். நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பத்தி. நாங்கள் இருப்பது சென்னையில் வேளச்சேரிப் பக்கம். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்தது நினைவிருக்கலாம். அணைக்கச் சில நாட்கள் பிடித்தது. அதை ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் அதே ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காய்கறித் தோலும் பழைய சோறும் இப்படிக் குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் வாயு வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது, தீயும் பிடிக்கும். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இந்த ஈரக் கழிவுதான். அதைக் காற்றோடு மட்க விட்டால் மீத்தேனும் இல்லை, நாற்றமும் இல்லை. என் முதல் வாளி நாறியதற்குக் காரணமும் அதுதான்: நான் செய்தது உரம் இல்லை, 20 லிட்டரில் ஒரு குட்டிக் குப்பைமேடு.

வாளி

பெயின்டர் யாரையாவது கேளுங்கள், இல்லையென்றால் காயலான் கடை. மூடியுள்ள 20 லிட்டர் எமல்ஷன் வாளி போதும். ஆயில் பெயின்ட் வாளி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. சுற்றிலும் நான்கு வரிசை ஓட்டை, அடியில் ஐந்தாறு. ஓட்டை பென்சில் நுழையும் அளவு இருந்தால் போதும். ட்ரில் இருந்தால் அரை மணி நேர வேலை. என்னிடம் இல்லை, பழைய ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சிக் குத்தினேன். அப்படிச் செய்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை தலைவலி தரும். உள்பக்கம் ஓட்டைகளை மறைத்துப் பழைய கொசுவலைத் துண்டு ஒட்டிவிட்டால் பழ ஈ நுழையாது. வாளியை இரண்டு செங்கல் மேல் வைத்து, அடியில் ஒரு தட்டு.

உரம் போடவென்றே விற்கும் மண்பானை அடுக்கு அழகாக இருக்கும், காற்றும் நன்றாகப் போகும். ஆனால் மூன்றாவது மாடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அதைத் தூக்கிக் கவிழ்ப்பது எனக்கு ஆகவில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ரெடிமேட் செட்டும் கடைசியில் ஓட்டை போட்ட வாளிதான்.

காய்ந்த இலை

பலர் இதை "கொஞ்சம் சருகு சேர்க்கவும்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நான் தடுக்கி விழுந்த இடமே இதுதான்.

காய்கறிக் கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நைட்ரஜனும் அதிகம். அதை மட்டும் குவித்தால் இரண்டே நாளில் சொதசொதவென்று ஒட்டிக்கொண்டு, உள்ளே காற்றுப் போக வழி அடைத்துவிடும். நடுவில் இடைவெளி விடவும், தண்ணீரை உறிஞ்சவும், கார்பன் சேர்க்கவும் காய்ந்த பொருள் வேண்டும். நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் பிடிக்கும். கணக்குப் போட வேண்டாம். கழிவு ஒரு மக் என்றால் நொறுக்கிய சருகு ஒன்றரை மக். அவ்வளவுதான்.

எங்களுக்குச் சருகு கிடைக்காதே என்று நான் கடையில் தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கினேன். அட்டையில் "ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைக்கவும்" என்று போட்டிருந்தது. சொன்னபடி ஊறவைத்து, பொங்கி வந்ததை அள்ளி அள்ளிக் கழிவு மேல் போட்டேன். எலி செத்த கதை அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தக் குறிப்பு செடி நடுவதற்கு. நமக்கோ தண்ணீரை உறிஞ்ச ஆள் வேண்டும், ஏற்கெனவே தண்ணீர் குடித்து வயிறு நிரம்பிய ஆளைக் கூப்பிட்டு என்ன பயன்? நார்க்கழிவு பயன்படுத்துவதானால் கட்டியை ஊறவைக்காமல் கத்தியால் சுரண்டி உலர்ந்த தூளாகவே போடுங்கள்.

அதைவிட எனக்குச் சருகுதான் பிடிக்கும், காசு இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் தெருப் புங்கமரமும் வேம்பும் இலையைக் கொட்டித் தீர்க்கும். வாட்ச்மேன் கூட்டிக் குவித்துக் கொளுத்துவார். ஒருநாள் கீழே போய், "அண்ணா, கொளுத்தாதீங்க, எனக்கு வேணும்" என்றேன். "குப்பையவா?" என்று ஒரு மாதிரி பார்த்தார். இப்போது அவரே அரிசிச் சாக்கில் கட்டி லிஃப்ட் பக்கத்தில் வைத்துவிடுகிறார். சாக்கின் வாயைக் கட்டி அதன் மேல் ஏறி நாலு மிதி மிதித்தால் இலை நொறுங்கிவிடும். முழு இலையாகப் போடாதீர்கள், அப்பளம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைக்கும். ஒரு சாக்கு எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது. சருகுச் சாக்கு வீட்டுக்கு வந்த பிறகு வாளியை ஆரம்பியுங்கள், முன்னால் வேண்டாம்.

தினமும்

அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. அதன்மேல் ஒரு கை சாணம், இல்லையென்றால் அரை டம்ளர் புளித்த மோர். நுண்ணுயிர்ப் பொடி என்று விற்பதை வாங்கவே வேண்டாம். அடுத்த வாளிக்கு முதல் வாளி உரத்தில் ஒரு கை போட்டால் போதும். அப்புறம் தினமும் ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் அன்றைய கழிவு, அதை மூடுமளவு சருகு, மூடி. மேலே கழிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் கிளறுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் சருகு போடுங்கள். கை லேசாக ஈரமானால் சரி. பிடித்தது நிற்காமல் உதிர்ந்தால் கொஞ்சம் அரிசி கழுவிய தண்ணீர் தெளியுங்கள்.

காபி மண்டி, டீத்தூள், கீரைத்தண்டு, முட்டை ஓடு எல்லாம் போகலாம். வாழைத்தண்டையும் தர்ப்பூசணித் தோலையும் பொடியாக நறுக்குங்கள். முருங்கைச் சக்கை மெதுவாகத்தான் மட்கும். கொட்டாங்கச்சி, மாங்கொட்டை வேண்டாம். மீன், கறிக் கழிவைப் புது ஆட்கள் தொடாதீர்கள். சாமி படத்துப் பூவைப் போடும்போது நூலைப் பாருங்கள்: வாழைநார் என்றால் அப்படியே போடலாம், நைலான் நூல் உரத்தில் மாதக்கணக்கில் சிரித்துக்கொண்டு கிடக்கும்.

நிரம்பிய பிறகு

நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வாளி மூன்று வாரத்தில் நிரம்புகிறது. அதை ஓரமாக வைத்து வாரம் ஒருமுறை கிளறுங்கள், ஆறு வாரம் ஆகும். அதற்குள் மற்ற இரண்டும் நிரம்பிவிடும். அதனால்தான் மூன்று. கறுப்பாக, மழை பெய்த மண் வாசத்தோடு, போட்ட பொருள் அடையாளம் தெரியாமல் இருந்தால் ஆயிற்று. ஒரு நாள் காகிதத்தில் நிழலில் பரப்பி, மணல் சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பதை அடுத்த வாளியில் போடுங்கள். தொட்டியில் மண் மூன்று பங்குக்கு உரம் ஒரு பங்கு. வெறும் உரத்திலேயே செடி வைக்காதீர்கள். நான் வைத்த கத்திரி நாலாம் நாளே வாடிவிட்டது.

பிறகு சேர்த்தது: "புழு வந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிடட்டுமா?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, வரிவரியாக, பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் கருப்பு சிப்பாய் ஈயின் புழு. கடிக்காது, கழிவை நம்மைவிட வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் இரண்டு மக் சருகு போட்டு மூடுங்கள், ஈரம் குறைந்தால் தானே வெளியேறும். எறும்பு வந்தால் தலைகீழ்: காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள்.

இன்னொன்று: மீந்த சாம்பார் சாதம் பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். போடலாம், ஒரு கை அளவு, நன்றாக வடித்து, வாளியின் நடுவில் புதைத்து. ரசத்தை ஊற்றாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன் எழுத மறந்தது: சாக்கைச் சாரல் படாத இடத்துக்கு மாற்றுங்கள். போன முறை என்னுடைய சருகு நனைந்து சாக்கோடு மட்கிவிட்டது. அதுவும் உரம்தான், ஆனால் டிசம்பர் முழுக்க அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுச் சமாளித்தேன்.