காரின் உள்ளெடுப்பு வளி வெப்பநிலை சென்சரைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யும் முறை

இரவு முழுவதும் நிறுத்தி வைத்திருந்த காரில் காலை ஆறு மணிக்கு ஏறி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஓபிடி கருவியில் (காரின் கணினியில் பதிவாகும் அளவுகளைக் காட்டும் சிறு கருவி) உள்ளெடுப்பு வளியின், அதாவது எஞ்சினுக்குள் இழுக்கப்படும் காற்றின், வெப்பநிலையைப் பார்த்தால், கொழும்பில் அது ஏறத்தாழ 26 அல்லது 27 பாகை செல்சியஸ் என்று காட்ட வேண்டும். அதே நேரத்தில் கூலண்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) வெப்பநிலையும் அதற்கு மிக அருகில், இரண்டு மூன்று பாகை வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் உங்கள் சென்சர் அநேகமாக நல்ல நிலையில்தான் உள்ளது. இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் பொனட்டைத் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நான் செய்யாமல் திறந்தவன்.

கடந்த ஏப்ரல் மாத மதிய வெயிலில், தெமட்டகொடைப் பக்கம் வாகன நெரிசலில் நின்றபோது, புதிதாக வாங்கிய ஓபிடி கருவியில் வளி வெப்பநிலை 61 பாகை என்று கண்டு பதறி, அன்று மாலையே சென்சரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மறுநாள் அதே நெரிசலில் மறுபடியும் 60 காட்டியது; மறுபடியும் கழற்றினேன்; இரண்டாம் முறை பிளக்கின் பூட்டு உடைந்ததுதான் மிச்சம். சென்சர் பொய் சொல்லவில்லை. நின்றுகொண்டிருக்கும் காரின் பொனட்டுக்குள் வளி உண்மையிலேயே அவ்வளவு சூடாகும். பேலியகொடையில் அதிவேக வீதியில் ஏறிச் சில நிமிடங்கள் ஓடினால் அந்த எண் மளமளவென்று இறங்கி, வெளி வெப்பநிலையை நெருங்கும். அப்படி இறங்காமல் அசையாது நிற்கும் அல்லது மிக மெதுவாக இறங்கும் சென்சரையே சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சென்சர் செய்யும் வேலை

ஐ.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சென்சரின் உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். காரின் கணினியான ஈ.சி.யு. அதற்கு 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு தடையின் வழியாக அனுப்பி, திரும்பக் கிடைக்கும் அளவை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. சூடான வளி அடர்த்தி குறைந்தது. 30 பாகையில் உள்ள வளியை 60 பாகைக்குச் சூடாக்கினால், அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்துவிடும். அதற்கேற்பப் பெற்றோலின் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் ஈ.சி.யு. மாற்றியாக வேண்டும்.

சென்சரின் இணைப்பு முற்றாக அறுந்துவிட்டால் அளவு மைனஸ் 40 பாகை என்று காட்டும். பி0113 என்ற பிழைக் குறியீடு ஈ.சி.யு.வில் பதிவாகும். வயர்கள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்த வெப்பநிலையும் பி0112 என்ற குறியீடும் வரும். டொயோட்டா கார்களில் இப்படிப் பிழை கண்டவுடன் ஈ.சி.யு. வளியின் வெப்பநிலையை 20 பாகை என்று தானாகவே எடுத்துக்கொண்டு இயங்கும். கொழும்பின் வெப்பநிலைக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லாததால், செக் எஞ்சின் விளக்கு எரிவதைத் தவிர ஓட்டுபவருக்கு வேறு எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். ‘கார் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேவையான பொருட்கள்

நட்சத்திரத் தலைத் திருப்புளி ஒன்று, 10 மில்லிமீற்றர் சொக்கெற், கைவிளக்கு, மல்டிமீற்றர், தொலைபேசியோடு புளூடூத் வழியாக இணையும் சாதாரண ஓபிடி கருவி, எம்.ஏ.எஃப். சென்சர் (வளியின் அளவை அளக்கும் சென்சர்) கிளீனர் என்று பெயரிட்டே விற்கப்படும் ஸ்பிரே ஆகியவை போதும். ஸ்பிரேயைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கார்ப்யுரேட்டர் கிளீனரோ பிரேக் கிளீனரோ இதற்கு ஆகாது. அவை பிளாஸ்டிக்கையும் மேற்பூச்சையும் தின்றுவிடக்கூடியவை. மருந்துக் கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அதன் சில தயாரிப்புகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். அது உலர்ந்த பின் சென்சரின் மேல் எண்ணெய்ப் படலம் எஞ்சும். எண்ணெயை அகற்றப் போய் எண்ணெய் பூசிவிட்டு வருவதில் என்ன பயன்?

சென்சர் எங்கே இருக்கிறது?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஏனெனில் பல கார்களில் ‘ஐ.ஏ.டி. சென்சர்’ என்று தனியாக ஒரு பொருளே இருக்காது. தேடுவதற்கு மிக எளிய வழி, வளி செல்லும் பாதையை அதன் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வதாகும். முதலில் எயார் பில்டர் பெட்டியைக் கண்டுபிடியுங்கள்; கறுப்புப் பிளாஸ்டிக்கில், கிளிப்புகளால் மூடப்பட்டிருக்கும். அதிலிருந்து எஞ்சினை நோக்கிச் செல்லும் தடித்த குழாயின் மீது விரலை வைத்துக்கொண்டு, வழியில் வயர் செருகப்பட்ட ஒவ்வொரு பொருளையும் பாருங்கள். பிறகு அந்தப் பிளக்கில் எத்தனை வயர்கள் உள்ளன என்று எண்ணுங்கள்.

பில்டர் பெட்டியின் வாயிலிலோ அதை அடுத்த குழாயிலோ இரண்டு திருகாணிகளால் பொருத்தப்பட்டு, ஐந்து வயர்களுடன் இருந்தால், அது வளியின் அளவை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சர், வெப்பநிலைச் சென்சரும் அதனுள்ளேயே அடங்கியிருக்கும். நம் வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்சியோ, அக்வா, பிரியஸ் போன்ற டொயோட்டா கார்கள் பலவற்றில் இந்த அமைப்பையே காணலாம். பெட்டியிலோ குழாயிலோ இரண்டே வயர்களுடன் ரப்பர் வளையத்தில் செருகப்பட்ட சிறிய முளை இருந்தால், அதுதான் தனி ஐ.ஏ.டி. சென்சர். குழாயில் எதுவும் தென்படாமல், இன்டேக் மனிபோல்டின் (வளியை எஞ்சினுக்குள் பகிர்ந்து அனுப்பும் குழாய்த் தொகுதியின்) மேல் நான்கு வயர்களுடன் ஒரு சென்சர் இருந்தால், அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து அளக்கும் கூட்டுச் சென்சர் அது. டர்போ எஞ்சின்களில், வளியைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னாலும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: கூலண்ட் சென்சருக்கும் இரண்டு வயர்கள்தான். அது வளிக் குழாயில் இராமல் எஞ்சினின் உலோக உடலிலோ தேர்மோஸ்டாற் உறையிலோ திருகப்பட்டிருக்கும். சூடான எஞ்சினில் அதைக் கழற்றினால் கொதிக்கும் கூலண்ட் பீறிட்டு அடிக்கும். ஆகவே வளிப் பாதையில் இல்லாத எதையும் கழற்ற வேண்டாம்.

கழற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஹைபிரிட் காராக இருந்தால், அது முழுமையாக அணைக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்து, ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். தயார் நிலையில் விடப்பட்ட ஹைபிரிட்டின் எஞ்சின் முன்னறிவிப்பின்றித் தானாக இயங்கத் தொடங்கும். செம்மஞ்சள் நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் உள்ளதால் அவற்றின் பக்கம் கை போகவே கூடாது.

கழற்றுவதற்கு முன், பெட்டியின் மேற்பகுதியையும் சென்சரைச் சுற்றியுள்ள இடத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் சென்சரை இழுத்தெடுக்கும்போது மேலிருக்கும் மணலும் தூசியும் திறந்த துவாரத்தின் வழியாக உள்ளே விழும்.

அடுத்து பிளக். இதில் நிதானம் தேவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், நம்மிடம் உள்ள கார்களில் பெரும்பாலானவை வயது முதிர்ந்தவை. அவற்றின் பிளாஸ்டிக் பூட்டுகள் ஆண்டுக்கணக்கில் வெந்து அப்பளம்போல் நொறுங்கும் நிலையில் இருக்கும். பூட்டின் நாக்கைப் பெருவிரலால் அழுத்தியபடியே, பிளக்கை முதலில் உள்ளே சிறிது தள்ளுங்கள். அப்போது பூட்டின் மீதுள்ள இறுக்கம் தளரும். அதன் பிறகு பிளக்கின் உடலைப் பிடித்து நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. திருப்புளியால் நெம்பவும் கூடாது. நான் நெம்பினேன், இன்றும் என் பிளக் ஒரு கேபிள் டையின் தயவில்தான் நிற்கிறது.

பிளக் வந்ததும் அதன் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். வெள்ளவத்தை, தெகிவளை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் நிறுத்தப்படும் கார்களில், உப்புக் காற்றினால் ஊசிகளில் பச்சை நிறக் களிம்பு படிந்திருக்கக்கூடும். குறியீட்டுக்குக் காரணம் சென்சரில் அல்ல, இந்தக் களிம்பில் இருப்பதும் உண்டு. கொண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, பிளக்கை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் பெரும்பாலும் அது நீங்கிவிடும். வயர்களை எலி கடித்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இப்போது இரண்டு திருகாணிகளையும் கழற்றி, சென்சரை ஆட்டாமல் நேராக வெளியே இழுங்கள். ரப்பர் வளையம் கூடவே வரும். அதைத் தொலைத்துவிட வேண்டாம்.

சுத்தம் செய்தல்

எம்.ஏ.எஃப். வகையைக் கையில் எடுத்துப் பார்த்தால், பிளாஸ்டிக் தண்டின் பக்கத்தில், மெல்லிய இரண்டு கம்பிக் கால்களின் மேல் அரிசிமணியை விடச் சிறியதொரு கண்ணாடித் துளி போன்ற மணி நிற்பதைக் காணலாம். அதுதான் வெப்பநிலையை அறியும் தெர்மிஸ்டர். வளியின் அளவை அறியும் சூட்டுக் கம்பி, அருகிலுள்ள சிறிய சுரங்கத்தின் உள்ளே இருக்கும். இரண்டையும் விரலாலோ துணியாலோ பஞ்சுக் குச்சியாலோ தொடக் கூடாது. நன்றாகப் பயன்பட்ட காரில் அந்த மணியின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு போன்ற தூசி போர்த்தியிருக்கும். இந்தப் போர்வை சென்சரைப் பழுதாக்குவதில்லை. வெப்பநிலை மாற்றத்தை அது உணரும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது.

சென்சரின் முனை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, ஒரு சாண் தூரத்திலிருந்து ஸ்பிரேயைச் சிறு சிறு வீச்சுகளாகப் பத்துப் பதினைந்து முறை அடியுங்கள். கரைந்த அழுக்கு சொட்டுச் சொட்டாகக் கீழே வழியும். சொட்டும் திரவம் தெளிவாகும்வரை அடித்தால் போதும். பிளக் செருகும் பக்கத்தை நனைக்க வேண்டாம். அழுத்தமேற்றிய காற்றை ஊதி உலர்த்தவும் கூடாது. நிழலில் கால் மணி நேரம் வைத்தாலே தானாக உலர்ந்துவிடும். மழைக்காலமென்றால் அரை மணி நேரம் விடுங்கள். அந்த ஸ்பிரே தீப்பற்றக்கூடியது என்பதால், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தொலைவில் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மனிபோல்டில் இருக்கும் கூட்டுச் சென்சரின் கதை சற்று வேறு. அங்கே எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகையும் கரியும் ஒட்டி, முனை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். முனை முழுவதும் மூடிய பிளாஸ்டிக்காகவோ உலோகமாகவோ இருந்தால் மட்டும், ஸ்பிரேயில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்கலாம். அழுத்தம் அளக்கும் துளைக்குள் எதையும் நுழைக்கக் கூடாது.

அளந்து பார்த்தல்

சென்சர் கையில் இருக்கும்போதே மல்டிமீற்றரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து அதன் தடையை அளந்துவிடுங்கள். ஐந்து ஊசிகள் கொண்ட டொயோட்டா வகையில், வயரிங் படத்தில் டி.எச்.ஏ., ஈ2 என்று குறிக்கப்பட்ட இரண்டு ஊசிகளே வெப்பநிலைக்கு உரியவை. பல ஜப்பானியக் கார்களில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 பாகையில் ஏறத்தாழ 0.3 கிலோ ஓமும் இருக்கும். நம் வீட்டு முற்றத்தின் 30 பாகையில் 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே எதிர்பார்க்கலாம். ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில், தூரத்தில் பிடித்துக் காட்டும்போது எண் தடங்கலின்றிச் சீராக இறங்கி, நிறுத்தியதும் மெல்ல ஏற வேண்டும். இடையில் துள்ளினாலோ அசையாமல் நின்றாலோ, எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை. சென்சரை மாற்றத்தான் வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். அதில் இடைவெளி இருந்தால் கணக்கில் வராத வளி உள்ளே நுழைந்து ஐடிலிங் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) குழம்பும். திருகாணிகள் பிளாஸ்டிக்கில் இறங்குவதால் கையிறுக்கம் போதும். பிளக்கை ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை செருகி, பழைய குறியீட்டை ஓபிடி கருவியால் அழித்துவிடுங்கள். கூடவே எயார் பில்டரையும் எடுத்துப் பாருங்கள். அது கிழிந்தோ அழுக்கேறியோ இருந்தால் சென்சர் விரைவிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மறுநாள் காலை, எஞ்சினை இயக்குவதற்கு முன், முதலில் சொன்ன பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள். சென்சரின் தடை சரியாக இருந்தும் மைனஸ் 40 மறுபடி தோன்றினால், பிழை பெரும்பாலும் பிளக்குக்கும் ஈ.சி.யு.வுக்கும் இடையிலான வயரில் இருக்கும். நல்ல வயரிங் பாஸ் ஒருவரிடம் காரைக் கொண்டுபோய், நீங்கள் அளந்த எண்களையும் எழுதிக் கொடுங்கள். புதுச் சென்சர் வாங்கச் சொல்வதற்கு முன் அவர் வயரைப் பார்ப்பார்.