பெரிய வளாகமா, சிறிய கல்லூரியா: புதிய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) அல்லது எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் எந்தத் துறை, எவ்வளவு கட்டணம் என்று நிறைய விசாரிக்கிறார்கள். ஆனால் சேரப்போகும் இடத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஒரு மாணவர் முதல் பருவத்தில் தடுமாறுவதற்கும் காலூன்றுவதற்கும் அந்த எண்ணிக்கை பெரிய காரணம்.

பெரிய பல்கலைக்கழகத்தில் நேரும் முதன்மையான தவறு, யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று காத்திருப்பது. ஒருநாள் பள்ளிக்கு வராவிட்டாலும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு, நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை மண்டபத்தில் தம் இருக்கை காலியாக இருப்பதை எவரும் கவனிக்காதது முதலில் விடுதலையாகவே தோன்றும். ஆனால் வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே குறைந்தால் இறுதித் தேர்வு எழுதப் பல இடங்களில் தடை உண்டு. மதிப்பெண் சராசரி 2.00-ஐ எட்டாவிட்டால் பி.டி.பி.டி.என். எனப்படும் அரசின் உயர்கல்விக் கடனும் நிறுத்தி வைக்கப்படலாம். அது தெரியவரும்போது பருவம் முடிந்திருக்கும். ஆகவே, தமக்கு நியமிக்கப்பட்ட கல்வி ஆலோசகரை முதல் இரண்டு வாரங்களுக்குள் நேரில் சென்று பார்த்துவிட வேண்டும். விரிவுரையாளரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கி நிற்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் அதிகம்; அந்தத் தயக்கத்தை முதலில் விட வேண்டும்.

தூரத்தைக் கணக்கிடாமல் பாட நேரங்களைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. கெடாவின் சிந்தோக்கில் 1,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருக்கும் உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் போன்ற வளாகத்தில் விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே பேருந்தை நம்பியே செல்ல வேண்டியிருக்கும்.

நண்பர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உள்ளதுபோன்ற தமிழ்ப் பேரவைகளில் புதியவர்கள் தயங்காமல் சேரலாம். பெரிய கூட்டத்தில் தனித்துப்போகாமல் அவை காக்கும். ஆனால் அந்த வட்டத்தோடு நின்றுவிட்டால், பல மாநிலங்களிலிருந்தும் பல இனங்களிலிருந்தும் வந்தவர்களோடு பழகும் வாய்ப்பு, பெரிய வளாகத்தின் உண்மையான செல்வம், கைநழுவிப் போகும்.

2001-இல் தொடங்கப்பட்ட, தொழில்திறன் கற்பிக்கும் அரசின் சமூகக் கல்லூரிகளிலும் சிறிய தனியார் கல்லூரிகளிலும் நிலைமை வேறு. அங்கே விரிவுரையாளருக்கு ஒவ்வொருவரையும் பெயரோடு தெரியும். கேட்டால் உதவி உடனே கிடைக்கும். அதே காரணத்தால் முதல் மாதத்து அலட்சியமும் எளிதில் மறக்கப்படாது. முதல் வாரத்திலேயே ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டு மற்றவர்களோடு முறுக்கிக்கொள்வது இங்கே பெருந்தவறு, ஏனெனில் படிப்பு முடியும்வரை அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றுமே நடப்பதில்லை என்று குறைப்பட்டு வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் பேருந்து ஏறுபவர்கள், மாணவர் கழகம் இல்லாத இடத்தில் நால்வர் சேர்ந்து ஒரு கழகத்தைத் தொடங்கிவிட முடியும் என்பதைக் காணாமலே போகிறார்கள்.

சிறிய கல்லூரி என்றால் பிள்ளை கண்காணிப்பில் இருக்கும் என்று பெற்றோர் நம்பிவிடுவதும் சரியன்று. சேருமுன் அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம், வகுப்பில் எத்தனை பேர், ஆலோசகரை எத்தனை முறை சந்திக்க முடிகிறது, வார இறுதியில் விடுதியில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று நேரடியாகக் கேட்டறிவது நல்லது.