டெர்மினலில் இருந்து காகிள் நோட்புக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டா சயின்ஸ் தளமான காகிளின் நோட்புக்கை (செல் செல்லாகக் கோட் எழுதி அவர்களுடைய மெஷினிலேயே ஓட்டும் பக்கம்) பிரவுசரிலேயே திறந்து ஓட்டிப் பழகியவர்கள், டெர்மினலில் கட்டளை அடித்து வேலை செய்யும் காகிள் கருவிக்கு மாறும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 'காகிள் கெர்னல்ஸ் புஷ்' என்று அடித்தால் ஃபைல் மேலே ஏறிப் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புஷ் செய்த உடனே புதிய வெர்ஷன் ஒன்று உருவாகி, முதல் செல்லில் இருந்து கடைசி செல் வரை முழுதாக ஓடத் தொடங்கிவிடும். அதுவும் காலியான ஒரு புது மெஷினில். நேற்று பிரவுசரில் நீங்கள் ஏற்றிவைத்த வேரியபிளும், பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கட்டளை) போட்டு நிறுவிய பேக்கேஜும் அங்கே இருக்காது. (நோட்புக் என்று பெயர் மாறிவிட்டாலும் கட்டளையில் கெர்னல் என்ற பழைய பெயர்தான். இரண்டும் ஒன்றே.)

கல்யாணச் சமையல்காரருக்கு மளிகைச் சீட்டு எழுதிக் கொடுப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் இல்லாத பொருள் அடுப்படிக்கு வராது. இங்கே அந்தச் சீட்டு, நோட்புக்கோடு அதே ஃபோல்டரில் இருக்கும் 'கெர்னல்-மெட்டாடேட்டா.ஜேசான்' என்ற ஃபைல். தவறுகளில் பாதிக்குமேல் இதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

'இனிட்' கட்டளை கொடுத்தால் இந்த ஃபைலின் மாதிரி ஒன்று கிடைக்கும். தலைப்பு, ஐடி, கோட் ஃபைலின் பெயர், மொழி, வகை எல்லாம் நாம் நிரப்ப வேண்டும். அதில் ஜிபியு (மாடல் பயிற்சியை வேகமாக்கும் சிப்) வேண்டுமா என்ற இடத்தில் 'ஃபால்ஸ்' என்றுதான் இருக்கும். அதை மாற்ற மறந்து புஷ் செய்தால் பிழை எதுவும் வராது என்பதுதான் சிக்கலே. ஏனென்றால் நம்மில் பலர் மாடல் பயிற்சிக்கான பைடார்ச் லைப்ரரியில் 'கூடா (அதாவது ஜிபியு) இருந்தால் கூடா, இல்லாவிட்டால் சிபியு' என்ற அந்த வழக்கமான வரியை எழுதி வைத்திருப்போம். ஜிபியு இல்லை என்றதும் நிரல் சத்தமில்லாமல் சிபியுவுக்கு இறங்கிவிடும். ஸ்டேட்டஸ் கேட்டால் 'ரன்னிங்' என்றே சொல்லும். இரவெல்லாம் ஓடியும் முதல் எபோக் (டேட்டா முழுவதையும் ஒரு முறை கடக்கும் பயிற்சிச் சுற்று) முடிந்திருக்காது. பயிற்சி நடத்தும் நோட்புக் என்றால் முதல் செல்லிலேயே நிபந்தனையைச் சோதிக்கும் ஒரு அசர்ட் வரி போட்டு, ஜிபியு இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும்படி செய்யுங்கள். சீக்கிரம் தோற்பது நல்லது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஜிபியுவை ஆன் செய்தே வைத்திருப்பது. சிஎஸ்வி ஃபைலைச் சுத்தம் செய்யும் நோட்புக்குக்கு ஜிபியு எதற்கு? காகிள் தரும் இலவச ஜிபியு நேரம் வாரத்துக்குச் சுமார் 30 மணி. ஒவ்வொரு புஷ்ஷும் ஒரு முழு ஓட்டம் என்பதால், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு மறுபடி புஷ், அப்புறம் கிராஃபின் நிறத்தை மாற்றி மறுபடி புஷ் என்று போனால் அந்த நேரம் போகிற இடம் தெரியாது. சின்னத் திருத்தங்களைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் அனுப்புங்கள். இல்லையென்றால் டேட்டாவில் நூறு வரி மட்டும் எடுத்து ஓட்டும் ஒரு சோதனை நிலையை நோட்புக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசரிலும் டெர்மினலிலும் மாறி மாறி வேலை செய்பவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். பிரவுசரில் ஒரு டேட்டாசெட்டைச் சேர்த்திருப்பார்கள், ஜிபியுவை ஆன் செய்திருப்பார்கள். உள்ளூர் மெட்டாடேட்டா ஃபைலுக்கு அது தெரியாது. அடுத்த புஷ்ஷில் பழைய சீட்டில் இருப்பதே அமலாகும். சேர்த்த டேட்டாசெட் காணாமல் போயிருக்கும். எனவே பிரவுசரில் கைவைத்தால், அதற்குப் பிறகு 'புல்' (காகிளில் இருப்பதை நம் கணினிக்கு இறக்கும் கட்டளை) செய்துவிட்டுத்தான் டெர்மினலில் தொடர வேண்டும். அப்போதும் 'மைனஸ் எம்' சேர்க்காமல் புல் செய்தால் நோட்புக் மட்டும்தான் வரும், மெட்டாடேட்டா வராது. வேலை செய்துகொண்டிருக்கும் ஃபோல்டருக்கு உள்ளேயே நேராகப் புல் செய்யாதீர்கள், உங்கள் திருத்தங்கள் மேல் எழுதப்பட்டுவிடும். தனி ஃபோல்டரில் இறக்கி, ஒப்பிட்டுப் பார்த்து எடுத்துக்கொள்வதே என் வழக்கம். கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பழகியவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் புஷ், புல் என்று பெயர்தான் ஒன்றே தவிர இரண்டு பக்க மாற்றங்களையும் சேர்த்துத் தரும் மெர்ஜ் என்று இங்கே எதுவும் கிடையாது.

தலைப்பும் ஐடியும் பொருந்தாமல் போவது அடுத்தது. 'ரைஸ் லீஃப் பேஸ்லைன்' என்று தலைப்பு வைத்தால் ஐடியின் பின்பகுதி (பயனர்பெயருக்குப் பின் வருவது) 'ரைஸ்-லீஃப்-பேஸ்லைன்' என்று இருக்க வேண்டும். தலைப்பில் மட்டும் 'வி2' சேர்த்து ஐடியை அப்படியே விட்டால், தலைப்பும் ஐடியும் ஒத்துப்போகவில்லை என்று கருவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். எந்த நோட்புக் எங்கே ஓடுகிறது என்று அப்புறம் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இப்போது எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் குழப்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஃபோல்டரில் நோட்புக்குப் பக்கத்திலேயே 'யுட்டில்ஸ்.பை' என்று ஒரு ஃபைல் இருக்கிறது, நோட்புக் அதை இம்போர்ட் செய்கிறது. நம் கணினியில் அழகாக ஓடுகிறது. புஷ் செய்ததும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று விழுகிறது. காரணம் எளிது: புஷ் கட்டளை ஃபோல்டரை அனுப்புவதில்லை. மெட்டாடேட்டாவில் கோட் ஃபைல் என்று குறிப்பிட்ட அந்த ஒரே ஒரு ஃபைலை மட்டும்தான் அனுப்புகிறது. பக்கத்தில் இருக்கும் பைதான் ஃபைலோ, கான்ஃபிக் ஃபைலோ, மாடல் வெயிட்டோ போகாது.

இதற்கு வழி, துணை ஃபைல்களைத் தனி டேட்டாசெட்டாக ஏற்றி, அதன் பெயரைப் பயனர்பெயரோடு சேர்த்து 'டேட்டாசெட் சோர்சஸ்' பட்டியலில் எழுதுவது. இங்கேயும் இரண்டு பொறி இருக்கிறது. டேட்டாசெட் ஏற்றும்போது உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களைக் கருவி தானாக எடுத்துக்கொள்ளாது. தவிர்க்கிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். 'டிர்-மோட்' என்பதில் ஜிப் அல்லது டார் என்று கொடுத்தால்தான் அவையும் போகும். இரண்டாவது, அவசரம். டேட்டாசெட்டின் புதிய வெர்ஷனை ஏற்றியவுடன் அது தயாராகிவிடாது, காகிள் தரப்பில் பதப்படுத்த நேரம் எடுக்கும். ஒரே ஷெல் ஸ்கிரிப்டில் அடுத்தடுத்த வரியாக டேட்டாசெட்டை ஏற்றி, உடனே நோட்புக்கையும் புஷ் செய்தால், பழைய யுட்டில்ஸ் ஃபைலோடு நோட்புக் ஓடக்கூடும். திருத்திய பிழை மறுபடி தலைகாட்டும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இடையில் டேட்டாசெட்டின் ஸ்டேட்டஸ் 'ரெடி' ஆகும்வரை காத்திருக்கச் சொல்லி இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

உள்ளீடு வந்து சேரும் 'காகிள்/இன்புட்' ஃபோல்டரில் எழுத முடியாது. அங்கேயே கேஷ் ஃபைல் உருவாக்கப் பார்க்கும் நிரல் விழுந்துவிடும். வெளியீடாகக் கிடைக்க வேண்டியதை எல்லாம் 'காகிள்/வொர்க்கிங்'கில் எழுத வேண்டும், அதற்கு 20 ஜிபி வரம்பு. டெம்ப் ஃபோல்டரில் எழுதிய மாடல் ஓட்டம் முடிந்ததும் போய்விடும். ஒரு ஓட்டத்துக்கான நேரமும் அளவோடுதான், சிபியு, ஜிபியு இரண்டுக்கும் 12 மணி. பத்தாவது மணியில் தானே சேமித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும்படி எழுதுவது உத்தமம்.

இன்டர்நெட் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்புக் வழியாகச் சமர்ப்பிக்கும் போட்டிகள் பலவற்றில் இன்டர்நெட் ஆஃப் ஆக இருக்க வேண்டும் என்பது விதி. மெட்டாடேட்டாவில் ஆன் செய்து வைத்து, பிப் இன்ஸ்டாலோடு சோதித்துவிட்டு, கடைசி நாளில் ஆஃப் செய்தால் முதல் செல்லே நிற்கும். ஆரம்பத்தில் இருந்தே ஆஃப் செய்து, தேவையான வீல் ஃபைல்களை (நிறுவத் தயாராக உள்ள பேக்கேஜ் ஃபைல்கள்) டேட்டாசெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி உங்கள் காகிள் கணக்கில் நுழைய உதவும் 'காகிள்.ஜேசான்' சாவி ஃபைலை ஹோம் ஃபோல்டரில் உள்ள '.காகிள்' என்பதற்குள் வைத்து, லினக்ஸிலும் மேக்கிலும் சிமோட் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத அனுமதி) கொடுங்கள். இல்லாவிட்டால் மற்றவர்களும் இதைப் படிக்கலாம் என்று கருவியே எச்சரிக்கும். புராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு நகல் போட்டுவைப்பதுதான் கெட்ட பழக்கம். அப்படியே கிட்ஹப்புக்குப் போய்விடும். போய்விட்டால் கமிட்டை அழிப்பதோடு விடாமல், காகிள் அமைப்புகள் பக்கத்தில் அந்த டோக்கனைக் காலாவதியாக்கிப் புதிது எடுங்கள்.

ஓட்டம் 'எர்ரர்' என்று முடிந்தால் உடனே பிரவுசருக்கு ஓட வேண்டாம். 'அவுட்புட்' கட்டளை வெளியீட்டு ஃபைல்களோடு லாக் ஃபைல் ஒன்றையும் இறக்கித் தரும். திறந்தால் ஜேசான் வடிவில் நேரம், ஸ்ட்ரீமின் பெயர், உரை என்று துண்டு துண்டாக இருக்கும், பார்க்கவே மலைப்பாக இருக்கும். 'எஸ்டிடிஎர்ர்' (பிழைச் செய்திகள் வரும் ஸ்ட்ரீம்) என்று குறித்த துண்டுகளை மட்டும் வடிகட்டிக் கடைசி முப்பது வரியைப் பார்த்தால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். டிக்யூடிஎம் லைப்ரரி காட்டும் முன்னேற்றப் பட்டையும் அதே ஸ்ட்ரீமில்தான் கொட்டும் என்பதால், புஷ் செய்யும் நோட்புக்குகளில் அதை அணைத்து வைத்தால் தேடல் சுலபம்.